எங்கள் மேட்டில் நான் வெட்டிய கான்கள்

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நான், கணவரோடு அந்தமானுக்கு வந்து இறங்கியது எழுபதுகளின் தொடக்கத்தில். அவருடைய பெரியப்பா எங்களுக்கு முன்பே வந்து, சிப்பிகாட் என்ற ஊருக்கு அப்பால் குடியேறியிருந்தார். பிள்ளையில்லாதவர். வீட்டுக்குப் பின்னால் இருந்த மலைச்சரிவை, “இனி நீங்களே பாத்துக்குங்க” என்று எங்களிடம் விட்டுவிட்டார். அப்படிப்பட்ட நிலத்தை அங்கே எல்லோரும் பஹாடி என்பார்கள்.

எங்கள் இரண்டு குடும்பத்திலும் சொந்தமாக ஒரு பிடி மண் யாருக்கும் இருந்ததில்லை. அந்தச் சரிவில் ஏறிய முதல் நாள் என் கணவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். நான் சிரித்தேன். பிறகு நானும் கழற்றினேன்.

அந்தக் கோடையில் அடிவாரத்திலிருந்து பாதி மேடுவரை மரம், புதர் எல்லாவற்றையும் வெட்டிக் காயப்போட்டுத் தீ வைத்தோம். மீதிப் பாதியை அடுத்த வருடம் வெட்டுவதாகத் திட்டம். மேலிருந்து கீழே நேர்வரிசையாக மரவள்ளியும் இஞ்சியும் நட்டோம். ரோட்டிலிருந்து பார்த்தால் தலைக்கு எண்ணெய் வைத்து வகிடு எடுத்தது போல அவ்வளவு அழகாக இருந்தது.

சரிவில் அப்படி நடக்கூடாது என்று எனக்குத் தெரியும். தோட்டத்தில் மழைத்தண்ணீர் மண்ணை இழுத்துக்கொண்டு ஓடாதபடி சரிவுக்குக் குறுக்கே வாய்க்கால் வெட்டுவார்கள். அதைக் கான் என்போம். என் அப்பா ஆயுசு முழுக்கக் கான் வெட்டியவர். நானும் பதினைந்து வயதிலிருந்து கானில் இறங்கி மண் அள்ளியவள். கங்காணி அளவுகோலோடு பின்னாலேயே நிற்பான். ஆழம் ஒரு விரல் குறைந்தாலும் அரை நாள் சம்பளம்தான். அதனால் கான் என்றாலே எனக்கு அந்தக் கங்காணியின் முகம்தான். சொந்த நிலத்திலும் அந்த வேலையா என்று ஒரு வீம்பு. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

மே மாதக் கடைசியில் மூன்று நாள் விடாமல் மழை கொட்டியது. நான்காம் நாள் காலையில் கீழ் வயல்காரர் வந்து வாசலில் நின்றார். வங்காளத்திலிருந்து குடியேறியவர். முழங்கால் வரை சிவப்புச் சேறு.

“பாபி, தும்ஹாரா பஹாட் ஹமாரே கேத் மே ஆ கயா.”

அண்ணி, உங்கள் மலை எங்கள் வயலுக்கு வந்துவிட்டது. அவ்வளவுதான் சொன்னார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். போய்ப் பார்த்தோம். அவர் விட்டிருந்த நாற்றங்காலில் பாதி மண்ணுக்கடியில் கிடந்தது. எங்கள் சரிவில் இஞ்சி வேரெல்லாம் வெளியே தெரிந்தது.

இரண்டு நாள் அந்தச் சேற்றை நாங்களே வாரிக் கூடையில் மேலே சுமந்தோம். நான்காவது நடையில் என் கணவர் கூடையை இறக்கிவிட்டு மூச்சு வாங்கினார்.

“இந்தாங்க, குறுக்கே கான் வெட்டுவோம்,” என்றேன்.

“ஏ புள்ள, அதுக்குத்தான் கப்பலேறி வந்தோமா? இங்க எந்தக் கங்காணி வந்து நிக்கிறான்?”

“கங்காணி நிக்கலைங்க. மண்ணும் நிக்கல.”

அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். மறுநாள் காலையில் மண்வெட்டிக்குப் புதுக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார்.

கானுக்கு மட்டம் பார்க்க வேண்டும். இரண்டு மூங்கிலை மேலே சேர்த்துக் கட்டி, கால்களை அகட்டி, நடுவில் ஒரு குறுக்குக் கம்பு வைத்தேன். உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல். இரண்டு காலும் ஒரே மட்டத்தில் நின்றால் கயிறு குறுக்குக் கம்பின் நடுவில் வந்து நிற்கும். அப்படி அடி அடியாக நகர்த்திக் குச்சி நட்டுக்கொண்டே போனேன். தோட்டத்தில் இந்த வேலையை ஆண்கள்தான் செய்வார்கள். பார்த்துப் பார்த்தே எனக்குப் பழகியிருந்தது. மழை விட்ட நேரங்களில் அவர் வெட்டினார், நான் மண்ணை வழித்துக் கீழ்க்கரையில் போட்டேன்.

வயல்காரர் தினமும் வந்து பார்த்தார். ஒரு நாள் ஒரு சாக்கு நிறைய அன்னாசிக் கன்று கொண்டுவந்து, கரையில் நட்டால் மண்ணைப் பிடிக்கும் என்றார். போகும்போது உச்சியைக் காட்டி, “ஊப்பர் கா ஜங்கல் மத் காட்டோ, பாயி,” என்றார். மேலே உள்ள காட்டை வெட்டாதே, எங்கள் நாலாவுக்கு, அதாவது ஓடைக்கு, தண்ணீரே அங்கிருந்துதான் வருகிறது என்றார். என் கணவருக்கு அந்தப் பாதி நிலத்தின் மேல் ஆசை அதிகம். என்னைப் பார்த்தார். “வெட்ட வேணாம்,” என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மறு வருட மழையில் மூன்றாவது கான் உடைந்தது. எரியாத ஒரு அடிக்கட்டையைச் சுற்றி வளைத்தபோது மட்டம் பார்க்காமல் கண்ணளவில் விட்டிருந்தேன். அவசரம். கொட்டும் மழையில் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிப்போய், கல்லும் தழையும் போட்டு அடைத்தேன். உடைந்து வந்த மண் அடுத்த கானில் தங்கிவிட்டது. வயலுக்கு ஒரு கூடைகூடப் போகவில்லை. நனைந்துகொண்டே அதைப் பார்த்து நின்றபோது எனக்கு வந்த திமிரை இன்றுவரை நான் விடவில்லை.

அதன் பிறகு பக்கத்து மேடுகளிலிருந்து மட்டம் பார்க்கக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு தெலுங்குக் குடும்பம், பிறகு ஒரு மலையாளக் குடும்பம். என் இந்தி அப்போது அரைகுறை. சொல்லிக்கொடுக்க மூங்கிலும் கல்லுமே போதுமானவையாக இருந்தன. விவசாய ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து, யார் சொல்லிக்கொடுத்தது என்று என் கணவரிடம் கேட்டார். அவர் என்னைக் காட்டி, “கங்காணி அம்மா,” என்றார். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இப்போது அந்தச் சரிவில் பாக்கும் கிராம்பும் நிற்கின்றன. உச்சிக் காடு அப்படியே இருக்கிறது. மழைக்கு முன்னால் கானைத் தூர்வார ஆள் வைக்கலாம் என்று மகன் ஒவ்வொரு வருடமும் சொல்கிறான். வைத்தோம், ஒரு தடவை. வந்த ஆள் நேர்கீழாக வெட்டிவிட்டுப் போனான். அதிலிருந்து நானேதான் இறங்குகிறேன்.