ஜெயகாந்தன் கேட்ட ‘என்ன’

“தம்பி, ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காதீங்க. இந்த மிஸ் பாப்பாவுக்கு டொஃபி கிஃபி குடுக்குறாங்களா?”

ஜெயகாந்தன் அண்ணன் என்னிடம் முதலில் பேசியது இதைத்தான். எங்கள் தோட்டத்திலிருந்து பட்டம் பெற்ற முதல் ஆள் நான். நுவரெலியாவில் ஓர் ஆஸ்பத்திரியின் இயன்மருத்துவ (பிசியோதெரபி) பிரிவில் நியமனம் கிடைத்த புதிது. பெயர் பதியும் மேசை என்னுடையது. அவர் டயகமப் பக்கத்திலிருந்து நாலு வயது மகள் யதுஷாவைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

“டொஃபியெல்லாம் இல்லண்ணே.”

“அப்ப எதக் காட்டி மயக்குறாங்க? வீட்ல நான் காலத் தொட்டாலே லயத்துல அத்தன வீடும் கூடுற மாதிரி கத்துறா. இங்க பாருங்க, கலியாண வீட்டுக்கு வந்தவ மாதிரி சிரிக்கிறத!”

பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் யதுஷாவின் கால் தசைகள் இறுகிப் போயிருந்தன. தினமும் குதிகாலைப் பிடித்து இழுத்துவிட வேண்டும். தாய் நிஷாந்தி காலையிலேயே கொழுந்து பறிக்கப் போய்விடுவார். அண்ணனுக்கு ‘ஸ்டோர்’ என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை. அதனால் பகலில் இழுப்பது அவர், அழவைப்பதும் அவர். வாரம் ஒருமுறை இங்கே வந்தால், பயிற்சி கொடுக்கும் நிலூகா மிஸ், நடை பழகும் இரட்டைக் கம்பிகளின் அந்தப் பக்கம் நின்று கைகளை நீட்டி “என்ன, என்ன” என்பார். சிங்களத்தில் ‘என்ன’ என்றால் ‘வாங்க’. யதுஷா கம்பியைப் பிடித்தபடி, கால் பின்னப் பின்ன, அவரிடம் போய்விடுவாள்.

அண்ணன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்.

வீட்டுக்கு நடை பழகும் சட்டம் ஒன்றும் கொடுத்தனுப்பினோம். அவர் எதிரில் குந்திக்கொண்டு, “வாடா சாமி, வாம்மா” என்று கெஞ்சினாலும் அவள் அசையவில்லை. ஸ்டோரில் இது தெரிந்துவிட்டது. “ஒனக்குப் பதிலா மிஸ்ஸையே லயத்துக்குக் கூட்டியாந்துருய்யா” என்று கிண்டல். நிஷாந்தி அக்காவோ, “ஏங்க, நீங்களும் அவங்கள மாதிரியே கூப்பிட்டுப் பாருங்களேன்” என்றிருக்கிறார்.

“பெத்தவன் நானு. அவங்க சொல்லக் கடன் வாங்கித்தான் எம்புள்ளயக் கூப்பிடணுமா?”

ஒருநாள், இழுத்துவிடப் போனவரை அவள் “நீங்க வேணாம், மிஸ் வேணும்” என்று உதைத்துவிட்டாள். அதற்கு அப்புறம் நடந்ததை அவரே வந்து சொன்னார். மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு வாசல்படியில் போய், வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாராம்.

“அப்பா.”

அண்ணன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா!”

“என்ன?” திரும்பவேயில்லை.

“அப்பா...”

“அட என்ன, என்ன!”

முதுகுக்குப் பின்னால் சீமெந்துத் தரையில் சட்டம் டொக்கென்று ஊன்றும் சத்தம். பிறகு கால் இழுபடும் சத்தம். மறுபடி டொக். திரும்பினால் யதுஷா நடுவீட்டில் நிற்கிறாள். மூக்கெல்லாம் வியர்வை.

“எதுக்கு சாமி எந்திரிச்ச?”

“நீங்கதானே என்ன, என்னன்னு கூப்டீங்க?”

இதைச் சொல்லிவிட்டு அண்ணன் என் மேசைமேல் குனிந்தார். “மிஸ்ஸுக்குச் சொல்லிறாதீங்க தம்பி. நடக்க வச்ச பேரு அவங்களுக்குப் போயிரும்.”

நான் சொல்லவில்லை. அடுத்த முறை யதுஷாவே சொல்லிவிட்டாள். நிலூகா மிஸ் கைதட்டிச் சிரித்தார். அண்ணன் முகம் அன்று முழுக்கத் தெளியவில்லை.

இப்போது லயத்து வாசலில் அவர் பின்பக்கமாக நடந்தபடி “என்ன, என்ன” என்று கூப்பிடுகிறார். “கடைசில மிஸ் பாஷைக்கே வந்துட்டீங்களா?” என்று யாராவது சீண்டினால், “நான் தமிழ்லதான்யா கேக்குறேன்” என்பார்.

யதுஷா இவ்வருடம் தோட்டப் பாடசாலையில் முதலாம் ஆண்டு. சட்டத்தைப் பிடித்து வகுப்புக்குள் தானே நடக்கிறாள். ஏற்றத்தில் மட்டும் அப்பா தூக்கிக்கொள்கிறார். மாதம் ஒருமுறை இருவரும் நிலூகா மிஸ்ஸிடம் வருகிறார்கள். அண்ணன் இன்னும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார்.