இருக்கிற கை

வைப்பாற்றில் தண்ணீர் வருகிற மாதங்களில் மட்டும் நான் அக்கா வீட்டுக்கு வருவேன். மற்ற மாதங்களில் எங்கே இருப்பேன் என்று எனக்கே சொல்லத் தெரியாது. திருப்பூரில் சாயப்பட்டறை, கேரளாவில் கல்குவாரி, விருதுநகரில் வத்தல் கிட்டங்கி என்று எங்காவது எதையாவது தூக்கிக்கொண்டிருப்பேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்கு வேறு வேலை யாரும் வைத்திருக்கவில்லை. ஐப்பசி மழை இறங்கிவிட்டது என்று தெரிந்தால் கால் தன்னால் அச்சங்குளம் பஸ்ஸில் ஏறிவிடும். பையில் ஒரு லுங்கி, ஒரு சட்டை, இழுத்து நீட்டுகிற தூண்டில் கம்பு, ஒரு டப்பாவில் முள்ளும் தங்கூஸ் என்கிற நைலான் நரம்பும். மீன் விற்கிறவன் இல்லை நான். தண்ணீருக்கு அடியில் ஒன்று நரம்பைப் பிடித்து இழுக்கிறபோது மண்டைக்குள் எல்லாம் நின்றுபோகிறதே, அதற்காகப் போகிறவன்.

அந்த வருஷம் நான் வந்தபோது அக்கா வீட்டுக்காரருக்கு, அதாவது என் மச்சானுக்கு, இடது கையில் மூன்று விரல்கள் இல்லை. தீபாவளிக்கு முந்தின சீசன். பட்டாசுக் கம்பெனியில் அவசர ஆர்டர். பக்கத்து அறையில் மருந்து உரசித் தீப்பிடித்தபோது மச்சான் வாசலில் நின்றிருந்தார். உள்ளே இருந்த இரண்டு பெண்கள் செத்துப்போனார்கள். ஒருத்தியை இழுக்கக் கை நீட்டினார், அவள் சேலைத் துணி மட்டும் கையோடு வந்தது. விரலோடு போச்சு என்று ஊர் சொன்னது. அவர் அப்படிச் சொல்லவில்லை.

வந்த அன்றைக்கே அக்கா என்னைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டாள்.

"ஏலே, ஆத்துக்குப் போகும்போது அவுகளையும் கூட்டிட்டுப் போ. வீட்டுக்குள்ளயே கெடந்து செவுத்தப் பாத்துக்கிட்டிருக்காக."

"வந்தா கூட்டிட்டுப் போறேன்க்கா."

"வருவாக. ஆனா ஒண்ணு. கல்யாணத்துக்கு முன்னாடி ஆத்துல வெடி போட்டு மீன் புடிச்சவுக. அந்தக் கிறுக்கு திரும்பிரக் கூடாது. இருக்கிறது ஒரு கைதாம்லே. பேக்கிங்ல உக்கார வைக்கேன்னு கம்பெனியில சொல்லியிருக்காக. அந்தக் கைய அப்படியே எங்கிட்டத் திருப்பிக் கொண்டாந்துரு. அம்புட்டுத்தான் உங்கிட்ட கேக்கேன்."

ஆற்றங்கரைக் கோயிலில் அவள் தகட்டுக் கை ஒன்று வாங்கி உண்டியலில் போட்டிருந்தாள். கடைக்காரர் எந்தக் கை என்று கேட்டாராம். "இருக்கிற கை" என்று சொல்லி வாங்கினாளாம்.

கார்த்திகையில் ஆறு செம்மண் குழம்பாக வந்தது. வேலிக்கருவை மரங்கள் வேரோடு மிதந்தன. வயிறு வீங்கிய ஆடு ஒன்று கால்களை மேலே நீட்டிக்கொண்டு போனது, அதன்மேல் ஒரு காக்கை உட்கார்ந்து கொத்திக்கொண்டே பயணம் செய்தது. கலங்கல் தண்ணீரில் கெளுத்திதான் கடிக்கும். புழுவை நான் கோர்த்துக் கொடுப்பேன், மச்சான் கம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு வலது கையால் நரம்பைப் பிடித்திருப்பார்.

"என்ன மாப்ள இது, தண்ணிக்கு ஊசி போடுற வேல?" என்றார். "ஒரே வெடி. ஆறு பூராம் வெள்ள வயிறு மிதக்கும். நாங்க சாக்குல அள்ளுவோம்."

"அள்ளினீகள்ல, அதான் இப்ப ஒண்ணையும் காணோம்."

"வாயி நீளுதுலே உனக்கு."

அப்போதுதான் ஒரு கெளுத்தி மாட்டியது. முள்ளைக் கழற்றும்போது அது உடம்பை முறுக்கித் தன் பக்கவாட்டு ஊசியை என் உள்ளங்கையில் இறக்கியது. நான் கத்தினேன். அதைக் கல்லில் ஓங்கி அடித்தேன், சாகவில்லை. மறுபடி அடித்தேன். கண் பிதுங்கும்வரை அடித்தேன். மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விபத்துக்குப் பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று அக்கா பிறகு சொன்னாள். என் கை ஒரு வாரம் வீங்கிக் கிடந்தது.

தை பிறந்ததும் தண்ணீர் தெளிந்தது. சிலேபி மீன் கரையோரம் வந்தது. மச்சான் கம்பின் அடிப்பகுதியைப் பாதத்தால் மிதித்துக்கொண்டு, வலது கையாலும் பல்லாலும் முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டார். காலையில் என்னை எழுப்புகிறவர் அவர்தான் என்று ஆகிவிட்டது. ஒரு பெரிய கெண்டை அவர் நரம்பை அறுத்துக்கொண்டு போனபோது, அதன் அம்மாவிலிருந்து பாட்டி வரைக்கும் இழுத்து வைத்துத் திட்டினார். கையை மறந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

மாசியில் கடல் சேருகிற இடத்துக்குப் போகலாம் என்று நான்தான் கூப்பிட்டேன். மழைக்கு உடைந்த மணல்திட்டு இன்னும் மூடவில்லை, கடல் தண்ணீர் ஏறும்போது மடவை மீன் கூட்டமாக ஆற்றுக்குள் வரும். பைக் இரவல் வாங்கி விடியும் முன்னே கிளம்பினோம். போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மடவைகள் துள்ளித் துள்ளி விழுந்தன. மச்சான் முழங்கால் அளவு உப்புத் தண்ணீரில் நின்று, "எம்புட்டுப் பெரிய தண்ணிலே!" என்றார். அவர் அதுவரை கழிமுகத்தைப் பார்த்ததில்லை.

நரம்பை வீசி முடிக்கவில்லை, வள்ளத்தை ஒதுக்கிவிட்டு நாலைந்து பேர் வந்தார்கள். அந்த ஊர் மீன்பிடிக்காரர்கள்.

"எந்த ஊரு?"

"சாத்தூர்ப் பக்கம். சிவகாசி தெரியும்லா, அங்கன" என்றார் மச்சான், நல்லவிதமாக.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் மச்சானின் இடது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினான்.

"இது எப்படிப் போச்சு?"

"கம்பெனியில. தீ விபத்து."

"தோட்டா போட்டுப் போன கை லே இது. போன வாரம் இந்த எடத்துல வெடி வச்சவன் நீதான?"

யாரோ வெடி வைத்திருக்கிறார்கள். குஞ்சு மீனெல்லாம் செத்துக் கரையில் ஒதுங்கி நாறிக்கொண்டிருந்தது, எனக்கும் அந்த வாடை வந்தது. நாங்கள் தூண்டில்காரர்கள், பையைப் பாருங்கள் என்று சொன்னேன். சொல்லி முடிக்கும்முன் என் வாயில் குத்து விழுந்தது. அதற்குப் பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. துடுப்பால் முதுகில் ஒன்று, விலாவில் உதை. நானும் ஒருவன் காதைக் கடித்தேன், உப்பாக இருந்தது. மச்சானை இழுத்துப்போய் வள்ளத்தின் விளிம்பில் வலது கையை வைத்து அழுத்தினார்கள்.

"இன்னொண்ணையும் எடுத்துருவமா?" என்று துடுப்பை வைத்திருந்தவன் கேட்டான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

மச்சான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சேற்றில் முகம் புதைந்து கிடந்தேன், என் பிடரியில் ஒருவனின் கால். பையைக் கொட்டிப் பார்த்த ஆள், "ஒண்ணும் இல்லடே, புழு டப்பாதான் இருக்கு. விடு" என்றான். துடுப்பு இறங்கியது, ஆனால் விளிம்பில்தான், கைக்குப் பக்கத்தில். மரம் பிளந்தது. எங்கள் கம்புகளை ஒடித்துத் தண்ணீரில் எறிந்தார்கள். பைக்கைச் சேற்றில் தள்ளிவிட்டார்கள்.

எட்டயபுரம் டீக்கடையில் வாய் கொப்பளித்தபோது பல் ஒன்று டம்ளரில் விழுந்தது. மச்சான் அதை எட்டிப் பார்த்தார்.

"செய்யாததுக்கு வாங்கியாச்சு மாப்ள. இனி செஞ்சா என்ன?"

"சும்மா இருங்க மச்சான்."

"ஏன், பாதி அடி மிச்சம் வச்சிருக்கானுகளா?"

பங்குனியில் ஆறு அறுந்து குட்டை குட்டையாக நின்றது. சுடுமணல். கரையில் சிலேபி காய்ந்து சருகாகக் கிடந்தது. பாறைக்கு அடியில் ஒரு பள்ளத்தில் மட்டும் ஆள் உயரத் தண்ணீர், அதில் விரால் ஜோடி ஒன்று குஞ்சுகளைக் காவல் காத்துக்கொண்டிருந்தது. சிவப்புக் குஞ்சுகள் கொத்தாக மேலே வந்து மூச்சு வாங்கும், கீழே தாய் நிற்பது தெரியும். தவளையை உயிரோடு முள்ளில் கோர்த்து அந்தக் கொத்தின்மேல் போட்டால் தாய் பசிக்காக இல்லாமல் கோபத்தில் வந்து அடிக்கும். விரால் பிடிக்கிறவன் அந்தக் கோபத்தைத்தான் பிடிக்கிறான். புதுக் கம்பு வாங்கியிருந்தேன். தவளையும் தயாராக இருந்தது.

மச்சான் மஞ்சப்பையோடு வந்தார். உள்ளே பழைய பால் டப்பா. டப்பாவுக்குள் சணல் சுற்றிய உருண்டை இரண்டு, வால் போலத் திரி.

"இது எங்கன கெடச்சுது?"

"எங்கன கெடச்சா உனக்கென்ன. மொட்ட மாடியில நல்லாக் காயப் போட்டுத்தான் எடுத்தாந்திருக்கேன்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"நீ என்ன உங்கக்கா வச்ச வாச்மேனா?"

கையைப் பிடித்தேன். முழங்கையால் என் நெஞ்சில் இடித்துத் தள்ளினார். ஒரு கை போதும் என்று காட்டுகிறவர் போலப் பாறைமேல் ஏறிவிட்டார். தீக்குச்சி உரசப் பிடிமானம் இல்லாததால் உதட்டில் பீடி. உருண்டையை வலது கையில் பிடித்து, திரியைப் பீடிக் கங்கில் வைக்க முகத்தருகே கொண்டுபோனார். பற்றியதும் வீசினார்.

அது தண்ணீரைத் தொடவில்லை. பாதி தூரத்தில், காற்றிலேயே வெடித்தது. பாறை அதிர்ந்தது. என் காதுக்குள் விசில் சத்தம். தண்ணீரின் மேல் தோல் மட்டும் சுருங்கி விரிந்தது, ஒரு மீனும் சாகவில்லை. குஞ்சுக் கொத்து கலைந்து ஓடியது.

"கை சரியா வரல" என்றார் மச்சான். "எறியத் தாமசமாயிருச்சு."

தாமசம் எதுவும் இல்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காரணத்தைப் பிறகு நானாக யோசித்துத்தான் தெரிந்துகொண்டேன். அவர் வாலிபத்தில் வெடி போட்டதெல்லாம் அடைமழைக் காலத்தில். கம்பெனி மூடிக் கிடக்கும், ஆற்றில் தண்ணீர் இருக்கும், திரி நமத்துப்போய்ப் புகைந்து புகைந்து எரியும். பற்ற வைத்துவிட்டு ஆளாளுக்கு ஒரு கெட்ட வார்த்தை சொல்லி எறிவார்களாம். பங்குனியில் அவர் ஆற்றுப் பக்கம் வந்ததே கிடையாது, அப்போது கம்பெனியில் வேலை ஓடும். போதாததற்கு மாடி வெயிலில் வேறு காய வைத்திருந்தார், திரி சரசரவென்று எரிந்துவிட்டது. காயப் போடாத எதையும் எங்கள் பக்கத்து ஆள் வேலைக்கு எடுக்கமாட்டான். கை அந்தப் பழக்கத்தில் செய்துவிடும்.

இரண்டாவதை எடுத்தார். பீடியை இழுத்துக் கங்கைச் சிவக்க வைத்தார்.

"மச்சான், வேண்டாம். அது வேகமா எரியுது."

"வெடியப் பத்தி நீ எனக்குச் சொல்லாத."

"கைய எறக்குங்க."

"போலே."

உருண்டை வாய்க்கு அருகே போனது. என் காலடியில் காய்ந்த வேலிக்கருவைக் கட்டை ஒன்று கிடந்தது. எடுத்ததும் அடித்ததும் ஒன்றாகத்தான் நடந்தது. திரி பற்றிவிட்டது. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் விழுந்தது அடி. எலும்பு ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது, காது அடைத்திருந்தும் கேட்டது. உருண்டை அவர் கையிலிருந்து நழுவிப் பாறைச் சரிவில் உருண்டது. அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மறுபக்கம் விழுந்தேன். விழுந்துகொண்டிருக்கும்போதே வெடித்தது. கல்லும் மணலும் முதுகில் அறைந்தன. என் தவளை முள்ளோடு எங்கோ போய்விட்டது.

மச்சான் எழுந்து உட்கார்ந்தார். வலது கை நடுவில் மடங்கித் தொங்கியது. அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, காலால் என் வயிற்றில் உதைத்தார். மறுபடி உதைத்தார். நான் தடுக்கவில்லை, அடிக்க அவருக்குக் காலைத் தவிர வேறு எதுவும் இல்லை.

ரோட்டுக்கு நடந்து, லோடு ஆட்டோவில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனோம். "எந்தக் கம்பெனி?" என்றுதான் முதலில் கேட்டார்கள். பாறையில் விழுந்துட்டேன் என்றார் மச்சான்.

அக்கா ஓடி வந்தாள். விரல் நுனிகள் மாவுக்கட்டுக்கு வெளியே தெரிந்தன. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஐந்தும் இருந்தன.

"எப்படிலே ஒடிஞ்சது?"

"நான்தான் ஒடிச்சேன்."

"எதுக்கு?"

சொன்னேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் முன்னாலும் என்னை அறைந்தாள். பிறகு உள்ளே போய் மச்சானையும் அறைந்தாள். நர்ஸ் வந்து, இங்கே சத்தம் போடக் கூடாது என்றார். அன்றைக்கே நான் பஸ் ஏறிவிட்டேன். அதே நிலைமை மறுபடி வந்தால் அதே கட்டையைத்தான் எடுப்பேன்.

எலும்பு கூடியது, ஆனால் கொஞ்சம் வளைந்து. மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது. பேக்கிங்கில் பெட்டி கட்டும் வேலை தரவில்லை, லேபிள் ஒட்டும் வேலை தந்தார்கள். இதெல்லாம் அக்கா போனில் சொன்னது. மச்சான் போனை வாங்கவே இல்லை.

ஐப்பசி மழை இறங்கியதும் கால் பஸ் ஏறிவிட்டது. நான் வீட்டுக்குள் போனபோது மச்சான் நிமிர்ந்து பார்த்தார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். விடிந்ததும் பார்த்தால் என் தூண்டில் கம்பைக் காணோம். ஆற்றுக்கு ஓடினேன். கலங்கல் தண்ணீர் ஓரம், கம்பை மிதித்துக்கொண்டு நின்றிருந்தார். பல்லால் முடிச்சை இறுக்கி முடித்துவிட்டு, கம்பைப் பிடுங்கித் தலைகீழாகத் திருப்பி, கனமான அடிப்பகுதியால் என் வலது கையில் ஓங்கி அடித்தார். மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில், அதே இடத்தில். ஒடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வலிக்குதா?"

"வலிக்குது மச்சான்."

"அப்ப சரி. புழுவக் கோத்துக் குடு."

வலது கை மரத்திருந்ததால் இடது கையால் கோர்த்தேன். அது லேசான வேலை இல்லை. புழு இரண்டு தடவை கீழே விழுந்தது. அவர் அவசரப்படுத்தாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.