நூல் ஆடாத அறை

கதவைச் சாத்திக்கொண்டு மீட்டரக்கா வெறும் தரையில் உட்கார்ந்தார். இரண்டு விரல் நுனியில் ஒரு சாண் தையல் நூல். எந்த ஹீட்டர் அறைக்குள் நுழைந்தாலும் அவருக்கு இதுதான் முதல் வேலை. காற்று வந்தால் நூல் ஆடும். இங்கே அது செத்த புழுவாகத் தொங்கியது.

"முடிஞ்சுதாக்கா? புது ஹீட்டர் லாரியில வந்து நிக்குது!" வெளியிலிருந்து நீச்சல் குளத்தின் முதலாளி குரல் கொடுத்தார்.

கேஸ் வேலையில் அக்காவுக்கு இருபத்தாறு வருஷம். இடுப்பில் எந்நேரமும் விஷப்புகையை அளக்கும் ஒரு மீட்டர். "அடுப்படிக்குப் போறப்பவும் அதைக் கட்டிக்கிட்டுத்தான் போவா" என்பார் கணவர். அக்கா சிரிக்கமாட்டார். "நாத்தமடிக்கிற கேஸ் சொல்லிட்டு வர்ற விருந்தாளி. எரிஞ்சு முடிச்ச புகை இருக்கே, அது திருடன். வாசனையே இருக்காது."

மீட்டர் கீச்சிட்டது. எண் ஏறியது. அக்கா துள்ளி எழுந்து கேஸை மூடினார். பழைய ஹீட்டர் இருமிக்கொண்டே அணைந்தது.

முதலாளி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "ஏன் அணைச்சீங்க?"

"இங்க ஒரு ஜன்னல் இருந்துச்சே, எங்க?"

"அதை அடைச்சுத்தானே போன மாசம் உடை மாத்துற ரூம் கட்டுனேன்."

"இப்ப அங்க யாரு?"

"வெந்நீர்ல நீந்த வர்ற மூட்டுவலிக்காரங்க. நாலஞ்சு நாளா தலைவலிங்கிறாங்க. வெறும் வயித்தோட வந்திருப்பாங்க…"

அவர் முடிப்பதற்குள் அக்கா அந்த அறைக்குள் இருந்தார். மீட்டர் வீறிட்டது. ஆறு பேர். முதலாளியின் மாமியார் பெஞ்சில் ஈரத் துண்டோடு சரிந்திருந்தார். "கண்ணு சொருகுதும்மா…"

"எந்திரிங்க எல்லாரும்! துணி அப்புறம் மாத்திக்கலாம்!"

மற்றவர்கள் தள்ளாடியபடி வெளியேற, மாமியாரை அக்கா தன் தோளில் தாங்கி இழுத்து வந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. ஆக்ஸிஜன் முகமூடி வைத்து வெகுநேரம் கழித்துத்தான் அந்த அம்மாளின் உதட்டில் பழைய நிறம் திரும்பியது. அப்போதும் முதலாளியின் கண் லாரிப் பக்கம் போனது.

"ஜன்னலை அடைச்ச சுவரை இடிச்சுடறேங்க்கா. இதையே மாட்டிடுங்க. பெருசு, அரை நாள்ல குளமே சூடாயிடும்."

"யானையக் கட்டுறேங்கிறீங்க. அதுக்குத் தீனி போற கேஸ் குழாய் சுண்டுவிரல் தண்டி. அரைகுறையா எரிஞ்சு இன்னும் புகையத்தான் கக்கும். உங்க குளத்துக்குப் பழைய அளவே போதும். காத்தை வெளியிலிருந்து இழுத்து, புகையக் கூரைக்கு மேல தள்ளுற மாடல் இருக்கு. வர மூணு நாளாகும்."

"மூணு நாளா! நாளைக்குக் காலைல முப்பது பசங்க போட்டிப் பயிற்சிக்கு வர்றாங்க!"

"பச்சத்தண்ணியில நீந்தட்டும்."

மாமியார் முகமூடியை விலக்கினார். "அந்தப் பொண்ணு சொல்றதக் கேளுங்க, மாப்பிள்ளை."

முதலாளி லாரிக்காரரிடம் போய், திரும்பிப் போகச் சொல்லிக் கையை ஆட்டினார். லாரி திரும்பியது.

அக்கா அதோடு விடவில்லை. ஹீட்டர் அறைக்குள் மறுபடி போய், ஸ்பானரை எடுத்து, கேஸ் வால்வின் கைப்பிடியைக் கழற்றித் தன் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினார்.