பின்கதவு உள்ள அறை

2016 பெப்ரவரி 9, பிற்பகல் 3.20. வெள்ளவத்தையில் கடும் வெயில், காற்றில்லை. பயண முகவர் பெண்ணின் மேசை முன் நானும் மனைவியும் இருக்கிறோம். பிராக் நகரில் முந்நூறு வருடப் பழைய வீடொன்று ஹோட்டலாகியிருக்கிறது, ஒன்பது அறைகள். அவள் காட்டும் படத்தில் வாசல்களை எண்ணுகிறேன். ஒன்றுதான்.

“பிள்ளை, பின்கதவு இருக்கோ?”

“அங்க ஒரு பிரச்சினையும் வராது, அங்கிள். மேல்மாடியில ஆறு தெரியிற ரூம் இருக்கு, இதுதான் ஆத்தின்ர படம்.”

“எண்பத்து மூண்டில கலவரத்துக்கு முதல்நாள் இதே தெருவிலயும் அப்பிடித்தான் சொன்னவை. முன்வாசல்ல கும்பல் நிக்க, பின்மதிலாலதான் பாய்ஞ்சனாங்கள்.”

மனைவி சிரிக்கிறாள். “இந்த முழங்காலோட அங்கயும் மதில் பாயப் போறியளோ?”

முகவர் பெண் தொலைபேசியில் விசாரிக்கிறாள். பின்னால் ஓடும் ஒடுங்கிய ஒழுங்கைக்குத் திறக்கும் கதவு ஒரே ஓர் அறைக்கு உண்டாம். சமையலறையை ஒட்டியது, ஆறு தெரியாது, பெரிய அறை என்பதால் வாடகையும் அதிகம். அதையே பதியச் சொல்கிறேன். மனைவி சிரிப்பை நிறுத்தி, ஆற்றின் படத்தை மேசையில் கவிழ்த்து வைக்கிறாள்.

நான்கு இரவுக்கு 612 யூரோ.