கண்ணாடிக்காரர் பைக் பழகினார்

அறுபதை எட்டிப் பார்க்கும் வயதில் ஒருவர் பைக் பழகக் கிளம்பினால் தெரு சும்மா இருக்குமா? "கண்ணாடிக்காரருக்கு வாலிபம் திரும்பிடுச்சுப்பா" என்றார் டீக்கடைக்காரர். "அது திரும்பினா போதுமா, வண்டி திரும்பணுமே" என்றார் பக்கத்தில் நின்றவர். எல்லாம் அவர் காதில் விழுந்தது. அவர் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லும் வேலையை அந்த வீட்டில் அவர் மனைவிதான் பார்த்துக்கொண்டாள்.

ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி வெட்டிப் பொருத்துவது அவர் தொழில். குறுகலான கடை. நடுவில் பழைய கம்பளி விரித்த மேசை. சுவரோரமாகப் பெரிய கண்ணாடிப் பலகைகள், இடையிடையே செய்தித்தாள் வைத்து, சாய்த்து நிறுத்தியிருக்கும். வெட்டிய கண்ணாடியை மூன்று சக்கர மிதிவண்டியில், சாக்குத் துணி சுற்றிய மரச்சட்டங்களுக்கு நடுவே நிமிர்த்தி வைத்துக் கொண்டுபோவார். திருப்பம் வருவதற்கு வெகு முன்பே மிதிப்பதை விட்டுவிடுவார். வண்டி தானாக வேகம் குறைந்து, குறைந்து, எப்போது நின்றது என்றே தெரியாமல் நிற்கும். திடீரென்று நிறுத்தினால் பின்னால் இருக்கும் கண்ணாடி போய்விடும். முப்பது வருஷம் இப்படித்தான் ஓட்டினார்.

அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் ஊரின் மறுகோடியில் இருக்கும் மருத்துவமனைக்குப் போய், இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அவளுக்கு ஒதுக்கியது அன்றன்றைய முதல் ஷிஃப்ட். விடியும்போது அங்கே படுக்கையில் இருக்க வேண்டும். நான் எதிர்வீடு. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்று, அதே வேலையில் வயதானவள். காலையில் போய் அவள் காலில் வீக்கம் எவ்வளவு என்று அழுத்திப் பார்ப்பேன், எடை பார்ப்பேன், ஊசி ஏற்றும் கையைச் சுத்தம் செய்வேன். குழந்தைகள் இல்லாத வீடு. இருவர்தான்.

அவர்கள் போய்வந்த விடியற்காலை பஸ்ஸை ஒரு நாள் அடியோடு நிறுத்திவிட்டார்கள். ஆள் ஏறவில்லையாம். அந்த நேரத்துக்கு ஆட்டோ வருவதும் நிச்சயமில்லை. கண்ணாடிக்காரர் தன் மூன்று சக்கர வண்டியில் தலையணையைப் போட்டு, சட்டங்களுக்கு நடுவே மனைவியை உட்கார வைத்து மிதித்துக்கொண்டு போனார். சில தடவை போனார்கள். அப்புறம் ஒரு காலை அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் என்ன ஜன்னலா? தெருநாயெல்லாம் வரிசை கட்டி வழியனுப்புது. இனிமே இதுல ஏறமாட்டேன்."

"அப்ப எப்படிப் போறது?"

"போகலன்னா வீட்ல இருக்கேன். வீடு என்ன கடிக்கவா போகுது?"

கோபத்தில் பேசுகிறாள் என்று விட்டோம். ஆனால் விஷயம் விளையாட்டில்லை. ஒரு முறை தவறினால் கால் வீங்கும். இரண்டு முறை தவறினால் நீர் நுரையீரலுக்கு ஏறும், படுத்தால் மூச்சு முட்டும். தொடர்ந்து தவறினால் ஆள் இருக்கமாட்டாள். இதை அவருக்கு நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். அவர் அன்றைக்கே தங்கை மகனிடம் போனார். அவன் புது பைக் வாங்கியிருந்தான், பழையது சும்மா நின்றது.

"தர்றேன் மாமா. ஆனா முதல்ல ஒழுங்கா பழகுங்க. பயிற்சி முடிச்ச சர்ட்டிஃபிகேட்டைக் காட்டுங்க, சாவி உங்க கையில. அத்தையைப் பின்னால வச்சுக்கிட்டு நீங்க சோதனை ஓட்டம் விட வேண்டாம்."

அவன் சொன்னது நியாயம். அப்படித்தான் அவர் புதியவர்களுக்குப் பாதுகாப்பாக பைக் ஓட்டச் சொல்லித்தரும் வகுப்பில் சேர்ந்தார்.

பழைய சந்தை மைதானத்தில் விடுமுறை நாள் காலைகளில் வகுப்பு. கற்றுக்கொடுத்தது ஒரு பெண். வயது முப்பத்தைந்துக்குள்தான், குரல் மட்டும் மைதானத்தின் மறுமுனைவரை கேட்கும். எல்லோருக்கும் அவள் டீச்சர். கண்ணாடிக்காரருக்கும் டீச்சர். முதல் நாள் அவர் ரப்பர் செருப்போடு போனார். "அண்ணே, கால் விரல் பத்தும் உங்களுக்கு வேணுமா, வேண்டாமா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினாள். அடுத்த முறை ஷூ போட்டுக்கொண்டு போனார்.

அவர் மனைவிக்கு வேடிக்கை பார்க்க ஆசை. இயந்திரத்துக்குப் போகாத நாளில் மடக்கு நாற்காலியோடு அவளை மர நிழலில் உட்கார வைத்து நானும் உட்கார்ந்தேன். முதலில், விழுந்த வண்டியை எப்படித் தூக்குவது என்று காட்டினாள் டீச்சர். வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, இடுப்பை வளைக்காமல், தொடை பலத்தில் எழ வேண்டும். கட்டிலிலிருந்து நோயாளியைத் தூக்க எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதேதான். கண்ணாடிக்காரர் ஒரே மூச்சில் தூக்கி நிறுத்தினார்.

"பாருக்கா, என்னைத் தூக்கித் தூக்கியே பழகிட்டாரு" என்றாள் அவர் மனைவி.

கிளட்ச், கியர் எல்லாம் அவருக்குச் சீக்கிரம் பிடிபட்டது. கோன்களுக்கு நடுவே வளைந்து ஓட்டினார். எட்டு போட்டார். காலை ஊன்றாமல் மெதுவாக ஓட்டும் போட்டி வைத்தபோது மற்ற எல்லோரும் கடந்து போய்விட, அவர் ஒருவர் மட்டும் எறும்பு போல ஊர்ந்துகொண்டிருந்தார். பார்சல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு பெண்ணும் அந்த வகுப்பில் இருந்தாள்.

"அங்கிள், வண்டி ஓட்டுறீங்களா, தாலாட்டுறீங்களா?"

"தூங்கினா எழுப்பிக்கலாம்மா. விழுந்தாத்தான் கஷ்டம்."

கடைசிப் பாடம்தான் அவரை மடக்கியது. திடீர் நிறுத்தம். வேகமாக வர வேண்டும். டீச்சர் சிவப்புத் துணியை இறக்கியதும் முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் பிடித்து, சுண்ணாம்புக் கோட்டுக்கு முன்பே நிற்க வேண்டும். சாலையில் குழந்தையோ மாடோ குறுக்கே வந்தால் உயிர் காப்பது இதுதான், இதில் தேறாதவருக்கு சர்ட்டிஃபிகேட் கிடையாது என்று முதல் நாளே சொல்லியிருந்தாள்.

கண்ணாடிக்காரர் வந்தார். துணி இறங்கியது. வண்டி கோட்டைத் தாண்டி, நிதானமாக வேகம் குறைந்து, வேலியோரம் போய் நின்றது.

"அண்ணே! துணியைப் பார்த்தீங்களா, இல்லையா?"

"பார்த்தேன் டீச்சர்."

"அப்புறம் ஏன் நிக்கல?"

"நின்னேனே."

"எங்க நின்னீங்க? அடுத்த ஊர்லயா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மனைவிதான் உரக்கச் சிரித்தாள். மறுபடி விட்டார்கள். மறுபடியும் வேலியோரம். நாலாவது தடவை டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது.

"கையில பலம் இல்லையா உங்களுக்கு? பிடிங்கண்ணே பிரேக்கை!"

"பிடிச்சா பின்னால இருக்கிறது உடைஞ்சிரும் டீச்சர்."

"பின்னால என்ன இருக்கு?"

அவர் உண்மையாகவே திரும்பிப் பார்த்தார். காலி சீட். அவர் முகம் போன போக்கைப் பார்த்து இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

வகுப்பு முடிந்தது. பார்சல் பெண்ணுக்கு சர்ட்டிஃபிகேட் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. அடுத்த வகுப்பில் மறுபடி முதலிலிருந்து உட்கார்ந்தார். இதற்கிடையில் சில நாள் அவர் மனைவியைக் காய்கறி வண்டிக்காரர் மருத்துவமனைக்கு ஏற்றிக்கொண்டு போனார், சில நாள் யாரும் கிடைக்கவில்லை. அவள் காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி அப்படியே நின்றது. தலையணையை அடுக்கிச் சாய்ந்துதான் தூங்கினாள். தண்ணீரைக் குறை என்றால் கேட்க மாட்டாள். ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள் என்று கொடுத்தால், "இதுவும் தண்ணிதானே, வேஷம் போட்டு வந்திருக்கு" என்பாள்.

வீட்டுக்கு வெளியே கண்ணாடிக்காரர் மிதிவண்டியில் ஏறி, சடக்கென்று பிரேக் பிடித்துப் பழகிப் பார்ப்பார். காலி வண்டியிலும் அவர் கை பாதியில் தளர்ந்துவிடும். "நீங்க பிடிக்கலன்னா லாரி பிடிச்சுக்கும்" என்று அவள் ஜன்னலிலிருந்து சொல்வாள். "எனக்கு ஏதாவது முறிஞ்சா கட்டுப் போட்டுக்கலாம். ஆளே இல்லன்னா எங்க கட்டுறது?" அப்போதும் அவர் கை கேட்கவில்லை.

டீச்சர்தான் வழி கண்டுபிடித்தாள். இரண்டாவது வகுப்பின் கடைசி நாள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவர் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"இறங்குங்க டீச்சர்."

"மாட்டேன். நான் கத்தினதும் பிடிக்கணும். வண்டியை எடுங்க."

மைதானம் பாதி வந்ததும் "பிடி!" என்று கத்தினாள். மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. அவர் பிடித்தார். வண்டி முன்னால் அமுங்கி நின்றது, டீச்சர் அவர் முதுகில் முட்டினாள். அவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். அவள் இறங்கி, கையை விரித்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

"எண்ணிப் பார்த்துக்கங்க. எல்லாம் இருக்கா? எங்கயாவது விரிசல் இருக்கா?"

அன்று அவர் தனியாகவும் கோட்டுக்கு முன்பே நின்றார். ஒரு முறைக்கு மூன்று முறை நின்றார். சர்ட்டிஃபிகேட்டைக் கொடுத்ததும் கடையில் கண்ணாடியைப் பிடிப்பது போல ஓரத்தில் மட்டும் பிடித்துக்கொண்டு வந்து மனைவி மடியில் வைத்தார். அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். "பேரைச் சரியா எழுதியிருக்காங்க" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு அன்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததால், அந்தச் சோர்வு என்று நினைத்தேன்.

தங்கை மகன் சொன்ன சொல் மாறாமல் சாவியைக் கொடுத்தான். லைசென்ஸும் வந்தது. கடையில் கிடந்த ஜன்னல் சட்டத்தை அறுத்து, பஞ்சு வைத்துத் தைத்து, பின் சீட்டுக்கு ஒரு சாய்மானம் செய்து பூட்டினார் கண்ணாடிக்காரர். "கடைசியில என்னைச் சட்டத்துல மாட்டிட்டீங்க பாருங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் ஏறினாள். அதன்பின் ஒரு முறை கூடத் தவறவில்லை. மழைக்காலம் முழுக்கப் போனார்கள். பிளாஸ்டிக் கோட்டுக்குள் இருவரும் ஒரே மூட்டையாகத் தெரிவார்கள். கால் வீக்கம் வடிந்தது. டீக்கடைக்காரரே எழுந்து நின்று கை காட்டுவார்.

ஆனால் உடம்பு தேய்ந்துகொண்டுதான் வந்தது. இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும், வயதையும் இதயத்தையும் சரி செய்யாது. இயந்திரத்திலிருந்து இறங்கினால் அன்று முழுவதும் சுருண்டு கிடப்பாள். மறுநாள் கொஞ்சம் நிமிர்வாள். அதற்கு மறுநாள் மறுபடி கிளம்ப வேண்டும். ஊசி ஏற்றிய கையில் இடமே இல்லை.

மழை விட்டபின் ஒரு காலை வெளியே பைக் ஓடிக்கொண்டிருந்தது. நான் அவளுக்கு ஸ்வெட்டர் மாட்டக் கையை எடுத்தேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"இன்னைக்குப் போகல அக்கா. இனிமேயும் போகல."

நான் அவரைக் கூப்பிட்டேன். ஹெல்மெட்டோடு உள்ளே வந்தார்.

"என்ன, மயக்கமா? மெதுவா ஓட்டுறேன். வா."

"மயக்கம் இல்ல. போதும்ங்க."

"போதும்னா?"

"பஸ்ஸு நின்னப்பவே போதும்னு நினைச்சுட்டேன். இதோட விட்டுரலாம்னு இருந்தேன். நீங்க அதுக்குள்ள ஷூ மாட்டிக்கிட்டு மைதானத்துக்குப் போயிட்டீங்க. அத்தனை பேர் சிரிக்க, விழுந்து எழுந்து கத்துக்கிட்டு வந்து நிக்கிறீங்க. வேண்டாம்னு எப்படிச் சொல்றது? அதான் வந்தேன்."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா."

"அவ புத்தி தெளிவாத்தான் இருக்கு. உடம்பு அவளோடது. நான் சொல்ல மாட்டேன்" என்றேன்.

"அப்ப நான் எதுக்குக் கத்துக்கிட்டேன்?"

"மழைக்காலம் பூரா உங்க முதுகைப் பிடிச்சுக்கிட்டு ஊரைச் சுத்தினேன்ல" என்றாள் அவள். "அதுக்குன்னு வச்சுக்கங்க. இப்ப அந்த வண்டியை அணைங்க, பெட்ரோல் வீணாகுது."

அவர் அணைக்கவில்லை. நான்தான் போய் அணைத்தேன். அன்று முழுவதும் அவர் என்னோடு பேசவில்லை. மருத்துவர் வீட்டுக்கு வந்து, எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் தனியாகக் கேட்டார். என்ன ஆகும் என்பதை விளக்கினார். அவளுக்குத் தெரியாதது அதில் ஒன்றுமில்லை. மூச்சு முட்டாமல் இருக்க மருந்து எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த முறையன்று, அவள் இயந்திரத்தில் இருக்க வேண்டிய நேரத்துக்குப் போன் வந்தது. அந்தப் பிரிவின் நர்ஸ். அவளுக்கு இவர்களை நன்றாகத் தெரியும். கண்ணாடிக்காரர் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ன அங்கிள், ஆன்ட்டி இன்னும் வரல? பைக் ரிப்பேரா?"

"பைக் நல்லா இருக்கும்மா."

"அப்ப கிளம்பியாச்சா? படுக்கை போட்டு வச்சிருக்கேன்."

அவர் கட்டிலைப் பார்த்தார். அவள் கண்ணை மூடியிருந்தாள், தூக்கமில்லை.

"அவ வரமாட்டாம்மா."

நர்ஸ் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவள் கேட்காமல் இருக்க முடியாது, அது அவள் வேலை. "இடத்துக்கு ஆளுங்க காத்திருக்காங்க அங்கிள். ஆன்ட்டியோட முறையை வேற ஒருத்தருக்குக் கொடுத்துடலாமா? கொடுத்தா அப்புறம் திரும்பக் கிடைக்கிறது கஷ்டம்."

நான் கையில் சோப்புத் தண்ணீர் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் மனைவி கண்ணைத் திறந்து அவரையே பார்த்தாள். வழக்கமாக எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறவள், இதற்குச் சொல்லவில்லை.

"கொடுத்துரும்மா" என்றார் கண்ணாடிக்காரர்.

போனை வைத்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு கட்டிலின் மறுபக்கம் வந்தார். "எந்தப் பக்கம் திருப்பணும் அக்கா?" என்று கேட்டார். "உங்க பக்கம்" என்றேன். அவர் அவளைத் தன் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். நான் முதுகைத் துடைத்தேன்.