ஊர்த் தெருவில் அக்கா சொன்ன கவிதை

அக்கா போய் ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்தது வந்துவிட்டது. அவரை நேசித்த உங்கள் கைகளில் இந்த நினைவு மலரைத் தரும்போது, அவர் வாழ்ந்ததை நடந்தபடியே சொல்லிவிட வேண்டும் என்று தங்கையாகிய எனக்குத் தோன்றுகிறது.

சேலையூரைத் தாண்டி மேடவாக்கம் போகும் வழியில், ஏரியை ஒட்டிய எங்கள் காலனியில் அக்கா பிறந்தார். அப்பா கல் உடைப்பவர். பத்தாவது முடித்ததும் அக்கா தாம்பரத்தில் துணி தைக்கும் கம்பெனியில் சேர்ந்தார். தையல் மிஷின் ஓடும் தாளத்துக்கு வாயிலேயே வரிகள் கட்டுவார். சூப்பர்வைசரைக் கேலி செய்யும் அந்த வரிகளைக் கேட்டுத் தோழிகள் சிரிப்பார்கள். அப்போது அது வெறும் விளையாட்டு.

எண்பதுகளின் நடுவில் ஓர் ஐப்பசியில் அப்பா இறந்தார். எங்கள் இடுகாட்டுக்கு நேர் வழி ஊர்த் தெரு. காலனிப் பிணம் அந்த வழியே போகக்கூடாது என்று தெருக்காரர்கள் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். ஏரியில் இறங்கித்தான் போக வேண்டும். அன்று இடுப்பளவு தண்ணீர். ஒருவருக்குக் கால் வழுக்க, பாடை சாய்ந்து அப்பா தண்ணீருக்குள் போய்விட்டார். கரையில் நின்ற அக்கா குதித்து, துழாவி, அப்பாவின் கையைப் பிடித்துத் தூக்கினார். சேறு வழியும் முகத்தோடுதான் அப்பாவைப் புதைத்தோம்.

அதன் பிறகு மழை பெய்தாலே அக்கா கதவைத் திறந்து பார்ப்பார்.

“அப்பா வந்துகினு கீறாரும்மா. வாசல்ல ஈரம் கீது பாரு.”

“மழடி அது. உள்ள வா,” என்பார் அம்மா.

அக்கா உலர்ந்த துண்டு ஒன்றை வாசற்படியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். காலையில் அது நனைந்திருக்கும். சாரல் அடித்திருக்கும் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம்.

அடுத்த ஆண்டு பக்கத்து வீட்டுப் பெரியம்மா இறந்தார். “யாரும் தண்ணியில எறங்க வேணாம். ரோட்டுல போலாம்,” என்று அக்கா பாடைக்கு முன்னால் நடந்தார். தெருமுனையில் கம்புகளோடு மறித்தார்கள்.

“இன்னாம்மா புதுசா கீது? ஏரிப் பக்கம் போ!”

அக்கா கத்தவில்லை. தெளிவாகச் சொன்னார்:

“ஏரித் தண்ணியில போனாரு எங்கப்பா,
காஞ்சி கெடந்துச்சு உங்க தெரு.
தோளு மேல போறவரு காலு
தரையில படல, தரையில படல,
எப்படிய்யா தீட்டாச்சு உங்க மண்ணு?”

ஒரு கல் வந்து நெற்றியில் பட்டது. ரத்தம் வழிய அதையே திரும்பச் சொன்னார். பின்னால் நின்ற பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். போலீஸ் வந்து, “பேஜார் பண்ணாம திரும்பிப் போங்க” என்றது. நாங்கள் பாடையை ரோட்டில் இறக்கி வைத்துச் சுற்றி உட்கார்ந்தோம். பொழுது சாயும் வேளையில் அதிகாரிகள் வந்து வழி திறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் காலனியில் யாரும் ஏரி வழியாகப் போகவில்லை.

அக்காவின் கவிதை தாம்பரம் மேடைகளுக்கும், சாவு வீடுகளுக்கும், லேடீஸ் கம்பார்ட்மென்டுக்கும் போனது. கூட்டம் கை தட்டும்போது அக்கா மட்டும் கூட்டத்துக்குப் பின்னால் எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை கேட்டேன்.

“அப்பா நிக்கிறாருடி. எல்லாரும் ரோட்டுல பூட்டாங்க. அவரு மட்டும் இன்னும் தண்ணியிலயே கீறாரு.”

அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

திருமணம் வேண்டாம் என்றே இருந்துவிட்டார். சிறுநீரகம் கெட்டு அரசு மருத்துவமனையில் படுத்தபோதும், பக்கத்துக் கட்டில் பெண்கள் கேட்டால் மூச்சு வாங்க வாங்க அந்தக் கவிதையைச் சொல்வார். போன ஐப்பசியில் அடங்கினார். ஊர்த் தெரு வழியாகத்தான் அவரைக் கொண்டு போனோம்.

மாறி மாறி மருத்துவமனையில் துணையிருந்த கம்பெனித் தோழிகளுக்கும், ரத்தம் கொடுத்த காலனித் தம்பிகளுக்கும், இறுதி ஊர்வலத்தில் வாசலுக்கு வந்து கை கூப்பிய ஊர்த் தெரு டீச்சர் அம்மாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது, பெரும்பாக்கம் பக்கமிருந்து இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். அக்கா இறந்தது அவர்களுக்குத் தெரியாது.

“கவித சொல்ற அக்கா கீறாங்களா? எங்க வூட்ல சாவு. வழி மறிச்சிட்டானுங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் பக்கம் கையை நீட்டினார்.

“கீறா. கூட்டிகினு போங்க.”

நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனேன்.