கண்ணாடியில் ஒரு சாண் மேலே

"எடுத்துடு வள்ளி, அந்தப் பொட்ட."

"எடுக்க மாட்டேன்க்கா."

"மாப்பிள்ளை வீட்டாளுங்க பூரா இதே ஹோட்டல்லதான்—"

"இருக்கட்டுமே! எம் மக கல்யாணம், நான் மேடையில—"

"புருசன் போய் பத்து மாசம் ஆகல. நீ மேடையில நின்னா நாலு பேரு—"

"அந்த நாலு பேருக்கும் சாப்பாடு இருக்கு லா. தின்னுட்டுப் பேசட்டும்!"

நம்புகிறவர்கள் நம்பட்டும், நடந்தது நடந்ததுதான். 1986, ஆவணி மாதம், சனிக்கிழமை இரவு மணி 9.40. ஜார்ஜ்டவுன் கடலோரத்தில் பங்களாவாக இருந்து ஹோட்டலாகிப்போன பழைய கட்டடம். அதன் மேல்மாடி மூலையில் ஏழாம் அறை. அங்கே யாரும் முழு ராத்திரி தங்கியதில்லை என்று பினாங்கே பேசும். மாப்பிள்ளை வீட்டார் அந்த அறை வேண்டவே வேண்டாமென்று கையெடுத்துக் கும்பிட்டபோது, "செத்தவங்களுக்குப் பயந்தா, இருக்கிறவங்களோட எப்படிக் காலம் தள்ளுறது?" என்று வள்ளிநாயகி சாவியை வாங்கிக்கொண்டாள்.

கெப்பாலா பத்தாஸில் பள்ளி ஆசிரியை அவள். கல்யாணப் பெண்ணைச் சொந்தக்காரர்கள் முன்கூட்டியே தங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள், தாலியறுத்த தாயின் முகத்தில் விழிக்கக் கூடாதென்று. விடிந்தால் எட்டரைக்குக் கோயிலில் தாலி கட்டு. பெற்றவள் மேடையேறி அட்சதை போடுவாளா, மாட்டாளா? அக்கா தவமணியோடு சண்டை அதற்குத்தான்.

முகம் கழுவப் போகுமுன் வள்ளிநாயகி ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினாள். ஆள் குள்ளம், தன் நெற்றி தெரிந்த இடத்தில்தான் ஒட்டினாள். திரும்பி வந்தால், பொட்டு ஒரு சாண் மேலே இருந்தது.

"தொட்டியாக்கா?"

"சீ! நான் ஏன் அதத் தொடுறேன்?"

சொன்ன வாயோடு தவமணி அதைப் பிய்த்துக் குப்பைக் கூடையில் எறிந்தாள். சண்டை அங்கேயே நின்றது. விளக்கை அணைத்துப் படுத்தார்கள்.

மணி 11.10.

டொக்... டொக்... டொக்...

தவமணி எழுந்து கதவைத் திறந்தாள். நடையில் ஒருவரும் இல்லை. மூடினாள். மறுபடியும் அதே சத்தம். வள்ளிநாயகி கதவில் காதை வைத்தாள். தட்டியது வெளியிலிருந்து இல்லை. அறைக்குள்ளே நின்று, வெளியே போவதற்காக யாரோ தட்டினார்கள்... அவள் தலைக்கு மேலே.

"யாரா இருந்தாலும் சரி," என்றாள். "விடிஞ்சா எனக்கு வேலை இருக்கு. தூங்க விடுங்க."

சத்தம் நின்றது.

மணி 3.15. தவமணி அவளை உலுக்கினாள்.

"வள்ளி... ஒன் நெத்தி..."

தொட்டுப் பார்த்தாள். பொட்டு. ஐஸ்கட்டியாய்ச் சில்லிட்டிருந்தது.

குப்பைக் கூடை காலி.

எடுக்கப்போன விரல் பாதியில் நின்றது. "இருக்கட்டும்," என்றாள்.

காலை 6.50. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு திரும்பினால், அக்காவைக் காணோம். கதவு பூட்டியிருந்தது.

"ரெண்டு மணி நேரந்தான்டி!" வெளியிலிருந்து தவமணியின் குரல். "ஒன் மக நல்லா இருக்கணும்னுதான் பூட்டுறேன்!"

செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது.

இருப்பது ஒரே சாவி. அறையில் போன் கிடையாது. சன்னலுக்குக் கீழே கடல். வள்ளிநாயகி கத்தினாள். கீழே கார்கள் கிளம்பின. ஒன்று... இரண்டு... கடைசிக் காரும் போய்விட்டது.

7.25. கதவைத் தட்டினாள். டொக். டொக்.

கூடவே இன்னொரு கை தட்டியது.

அவள் தலைக்கு மேலே.

அவள் திரும்பவில்லை.

"தட்டிப் பிரயோசனம் இல்ல," என்றாள். "திறங்க."

க்ளிக்.

எட்டரைக்குக் கோயில் மேடையில் நின்றாள், பொட்டோடு. முதல் அட்சதை அவள் கையிலிருந்துதான் மகள் தலையில் விழுந்தது. நாலு பேரும் பார்த்தார்கள். தவமணி மட்டும் தன் கைப்பையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சாவி உள்ளேதான் இருந்தது.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பெட்டிகளை எடுக்க அக்காளும் தங்கையும் ஏழாம் அறைக்குத் திரும்பினார்கள். அறை கூட்டும் சுலைஹா வாசலில் நின்று வியந்தாள்.

"ராத்திரி பூரா இருந்தீங்களாக்கா? இது பங்களாவா இருந்தப்ப எங்கம்மா இங்க வேலை செஞ்சாங்க. ஜப்பான்காரன் வர்றதுக்கு முந்தி. தாலியறுத்த ஒரு தமிழம்மா இருந்தாங்களாம், நல்ல ஒசரம். மக கல்யாணத்தன்னிக்கு ஆகாதுன்னு இந்த ரூம்லதான் வச்சுப் பூட்டுனாங்க. பூட்டுனது கூடப் பொறந்த அக்கா. 'ரெண்டு மணி நேரந்தான்'னு சொல்லிட்டுப் போனாங்களாம். வந்து திறந்து பார்த்தா... உசுரு இல்ல."

தவமணியின் கையிலிருந்து சாவி தரையில் விழுந்தது.

வள்ளிநாயகி குனிந்து எடுக்கவில்லை. பையிலிருந்து புதுப் பொட்டு ஒன்றைப் பிரித்தாள். கண்ணாடி முன் போய், நுனிக்காலில் எக்கி நின்று, தன் நெற்றிக்கு ஒரு சாண் மேலே ஒட்டினாள்.

"கல்யாணம் நல்லபடியா முடிஞ்சிச்சிக்கா," என்றாள், அந்தப் பொட்டைப் பார்த்து. "ஒங்க மக பேரு என்னா?"